தமிழரசுக் கட்சியின் தேர்தல் காலத்துப் படங்கள்: யாரிடம் இருக்கின்றன, எங்கே சேர்ப்பது?

வலிகாமத்தான் எழுதியது:

வணக்கம் உறவுகளே.

தமிழரசுக் கட்சி 1949 டிசம்பர் 18 அன்று மருதானையில் தொடங்கப்பட்டது. 75 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் 1957 பண்டா–செல்வா ஒப்பந்தம், 1965 டட்லி–செல்வா ஒப்பந்தம், 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று தாள்கள் கிடைக்கின்றன. கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவின் (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) அதே நாலைந்து படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தக் கட்சிக்கு வாக்குப் போட்ட சனத்தை எங்கே பார்ப்பது? சந்தியில் மேடை கட்டியவர்கள், கார்க் கூரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனவர்கள், படலையில் நிறைகுடம் வைத்துக் காத்திருந்த பெண்கள், மதிலில் ஏறி இருந்து கூட்டம் பார்த்த பொடியன்கள். இவர்கள் இருக்கும் படங்கள் வீட்டு அல்பங்களிலும் சனசமூக நிலையச் சுவர்களிலும்தான் மிஞ்சியிருக்கின்றன.

வீடுகளில் மட்டும் ஏன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் தமிழரசுக் கட்சி சேர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் யாழ்ப்பாண அலுவலகம், ஈழநாடு பத்திரிகை அச்சகம், யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு, 97,000 நூல்களோடு பொது நூலகம் எல்லாம் போயின. கட்சியின் கோப்பு, பத்திரிகையின் படக்கட்டு, நூலகத்தின் தொகுப்பு என்று ஒரு கட்சி வரலாறு தங்கியிருக்கக்கூடிய மூன்று இடங்களும் ஒரு சில நாட்களுக்குள் அழிந்தன. அதற்குப் பிறகு 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு. கையில் எடுத்துப் போன பையில் காணி உறுதியும் அடையாள அட்டையும் இருந்தன. ஊர்வலப் படத்தை யார் எடுத்துப் போவார்?

மிஞ்சியதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மூலப்படம் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும், நாங்கள் பிரதி மட்டும் எடுப்போம். ஆனால் படத்தை விட அவசரமானது படத்தில் நிற்பவர்களின் பெயர். 1956 தேர்தலில் 20 வயதில் கொடி பிடித்தவர் இன்று 90ஐத் தொடுகிறார். படம் இன்னும் பத்து வருடம் தாங்கும், அவர் சொல்லக்கூடிய பெயர்கள் தாங்காது. எப்படிச் செய்யலாம், யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

---

கரவெட்டி ரீச்சர் எழுதியது:

தம்பி, நல்ல முயற்சி. ஒரு விஷயம் முதலில் சொல்கிறேன், நான் பல வயதானவர்களோடு இப்படிப் படம் வைத்துக் கதைத்திருக்கிறேன். படத்தை நீட்டி "இது ஆர்?" என்று கேட்டால் "தெரியேல்லை பிள்ளை" என்று முடித்துவிடுவார்கள். "இது எந்தச் சந்தி? அந்தக் கடை ஆருடையது?" என்று கேளுங்கள். கடைக்காரரின் பெயர் வரும், அவர் மகன் எந்தக் கட்சி என்பது வரும், அந்த மகனோடு நிற்பவர் வருவார். இடத்தில் தொடங்கினால் ஆட்கள் தானாக வருவார்கள். கதைப்பதை ஒலிப்பதிவு செய்யுங்கள். எழுதிக்கொண்டு இருந்தால் பாதி போய்விடும்.

இன்னொன்று, பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். 1961 பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி (அரச அதிபர் அலுவலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது படங்களைப் பார்த்தால்தான் விளங்கும். மங்கையர்க்கரசி அமிர்தலிங்கத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அவசரகாலச் சட்டம் வந்த பிறகு கணவரோடு அவரும் தடுத்து வைக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் வரிசையாக இருந்த பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. ஆண்கள் சொல்லும்போது "இவை எங்கட பகுதிப் பெண்டுகள்" என்று ஒரு சொல்லில் போய்விடுகிறார்கள். அதே படத்தை அந்த வீட்டு அம்மம்மாவிடம் காட்டினால் ஒவ்வொருவரையும் சீலையை வைத்தே சொல்லிவிடுவார்.

---

கிளைச் செயலாளர் எழுதியது:

நான் கட்சிக்காரன், அதை மறைக்கவில்லை. இந்தப் படங்கள் கட்சிக்குச் சொந்தம். கூட்டத்துக்குப் படம் பிடிக்க ஸ்ரூடியோக்காரருக்குக் காசு கொடுத்தது ஊர்க் கிளை. சுதந்திரன் பத்திரிகைக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்களும் அதில் இருக்கின்றன. இதற்காகச் சிறை போனவர்கள், அடி வாங்கியவர்கள், உத்தியோகம் இழந்தவர்கள் எங்கள் ஆட்கள். இன்று ஆரோ ஒரு நிறுவனம் வந்து எல்லாவற்றையும் எடுத்து, கண்டவர்களும் கேலி செய்யும்படி முகநூலில் போடுவதை ஏற்க மாட்டேன். கட்சி அலுவலகத்தில் ஒரு அறை ஒதுக்கி, அலுமாரி வாங்கி, ஒழுங்காக வைக்கலாம். சேகரிக்க விரும்பும் இளைஞர்கள் அங்கே வந்து வேலை செய்யட்டும்.

---

சைக்கிள் சின்னம் எழுதியது:

அண்ணை, உங்கள் அலுவலகத்தில் வைத்தால் எங்கள் வீட்டுப் படங்களை யார் கொண்டுவந்து தருவார்கள்?

எங்கள் பேரனார் தமிழ்க் காங்கிரஸ். 1944இல் ஜி.ஜி. பொன்னம்பலம் கட்சியைத் தொடங்கிய காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் அப்படித்தான். 1947 தேர்தலில் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது, யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். அந்த ஆண்டு காங்கேசன்துறையில் செல்வநாயகமும் கோப்பாயில் வன்னியசிங்கமும் வென்றதும் காங்கிரஸ் வேட்பாளர்களாகத்தான். ஆகவே தமிழரசுக் கட்சியின் படவரலாறு காங்கிரஸ் மேடையில் தொடங்குகிறது. பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே மாலையோடு ஒரே மேடையில் நிற்கும் படங்கள் இருந்திருக்க வேண்டும். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டமும் பொன்னம்பலத்தின் மந்திரிப் பதவியும் பிரித்த பிறகு அந்தப் படங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒரு வீட்டில் நான் பார்த்த கூட்டுப்படத்தில் நடுவில் நின்றவரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். தோளில் கிடந்த சால்வை நுனி மட்டும் பக்கத்து ஆளின் மேல் கிடக்கிறது. அந்த வெட்டிய படத்தையும் ஆவணமாகச் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்துக் கோபம் வேறெந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நேராக இல்லை.

கட்சி அறையில் அந்தப் படத்தைச் சேர்ப்பீர்களா? 1970இல் வட்டுக்கோட்டையில் உங்கள் அமிர்தலிங்கம் காங்கிரஸ் வேட்பாளர் தியாகராஜாவிடம் தோற்றார். அன்று நடந்த வெற்றி ஊர்வலப் படத்துக்கு உங்கள் அலுமாரியில் இடம் இருக்குமா? அதே நாளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பொன்னம்பலம் உங்கள் மார்ட்டினிடம் தோற்றார், அந்தப் படத்தையும் நான் கேட்கிறேன்.

---

கரவெட்டி ரீச்சர் எழுதியது:

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1956இல் தமிழரசு அலை அடித்தபோது பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கூட்டங்களின் படங்களை எந்தக் கட்சி அறை சேர்க்கும்? வடமராட்சியில் அந்தப் படங்கள் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு கட்சியின் பெயரில் கேட்டுப் போனால் கதவு திறக்காது.

---

நெகட்டிவ் எழுதியது:

யார் வைப்பது என்ற வழக்கு முடிவதற்குள் படம் போய்விடும், ஆகவே நான் வேலை விஷயம் எழுதுகிறேன். படப் பராமரிப்புத்தான் என் தொழில்.

ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் உள்ள அல்பங்கள் எல்லாவற்றிலும் மோசம். எழுபதுகளின் கடைசியில் பல வீடுகளில் பழைய கறுப்புத்தாள் அல்பத்தில் இருந்த படங்களைப் பிடுங்கி இதற்குள் ஒட்டினார்கள். பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகைத் தின்னுகிறது. நகத்தால் கிளப்ப வேண்டாம். முதலில் பக்கத்தை அப்படியே படம் எடுங்கள், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் தகவல்தான். பிறகு பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நெகட்டிவ் சுருள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்ததும் வினாகிரி வாசம் அடித்தால் அந்தப் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் படும் இடத்தில் வைத்து, உடனே ஸ்கான் செய்ய வேண்டும். பிரித்து வைக்காவிட்டால் மற்றவற்றையும் அது கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், முகம் துணியோடு வந்துவிடும். லமினேற் செய்வது படத்தைக் கொல்வதற்குச் சமம். எங்கள் ஊரில் பாசத்தோடு செய்யும் வேலை அது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள், இணையத்துக்குச் சிறிய ஜேபெக் போதும். பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்யுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, கழுவிய திகதி, யாரோ எழுதிய இரண்டு வரி, எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிதாக இலக்கம் எழுதினால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், குமிழ்முனைப் பேனை வேண்டாம். கோப்பின் பிரதி ஒன்று வெளியூரில் இருக்கட்டும். ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

படம் எடுத்தவரையும் மறக்காதீர்கள். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. காசு கொடுத்தது கிளை என்பதால் மட்டும் எல்லாம் கிளைக்கு என்று ஆகாது. ஸ்ரூடியோக்காரரின் பிள்ளைகள் இருந்தால் கேட்டுச் செய்வது மரியாதை.

---

சின்னக்கடை எழுதியது:

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. மாமா வீட்டில் கிடைத்தது. கீழே மையால் "1956 சத்தியாக்கிரகம், யாழ்ப்பாணம்" என்று எழுதியிருக்கிறது. வாசல் ஒன்றுக்கு முன்னால் றோட்டில் வேட்டி கட்டியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், இடது பக்கம் பெண்கள். பின்னால் ஒரு பஸ் நிற்கிறது, அதில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) அடையாளம் தெரிகிறது. ஒரு காரின் எண்தகட்டில் சிங்கள ஸ்ரீ இருக்கிறது. முகநூலில் ஒருவர் இதே படத்தை "காலிமுகத்திடல் 1956" என்று போட்டிருக்கிறார். எது சரி?

---

நெகட்டிவ் எழுதியது:

இரண்டும் இல்லை. நீங்கள் சொன்ன விவரத்தை வைத்தே பார்ப்போம். இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி முதலாம் திகதிதான் பஸ்களைப் பொறுப்பேற்றது. அதற்கு முன் தனியார் கம்பனி பஸ்கள். சிங்கள ஸ்ரீ எண்தகடும் 1958இல்தான் வந்தது, அதற்கு முன் ஆங்கில எழுத்துகள். அந்த ஸ்ரீயை எதிர்த்துத் தமிழ் எழுத்தில் தகடு மாட்டிய இயக்கமே தமிழரசுக் கட்சியின் தனி அத்தியாயம். ஆகவே படம் 1956 ஆக இருக்க வழியில்லை.

---

வலிகாமத்தான் எழுதியது:

தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்ட 1956 ஜூன் 5 அன்று சத்தியாக்கிரகம் நடந்தது கொழும்புக் காலிமுகத்திடலில். அது திறந்த வெளி, பக்கத்தில் கடல். இப்படி மதிலும் வாசலும் வராது. நீங்கள் சொல்லும் இருப்பு 1961 கச்சேரி மறியல் போல இருக்கிறது. பழைய பூங்காப் பக்கம் இருந்த பழைய கச்சேரியின் இடிந்த சுவர்கள் இப்போதும் நிற்கின்றன, வாசல் தூணை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மையால் எழுதியதை அழிக்க வேண்டாம். "படத்தில் எழுதியிருப்பது" என்று ஒரு வரி, "எங்கள் கணிப்பும் காரணமும்" என்று இன்னொரு வரி. எழுதியவருக்கு 1956 என்பதே போராட்டத்தின் பெயராக மனதில் நின்றிருக்கலாம்.

இப்படிக் காலம் கணிக்க இன்னும் சில பிடிகள் உண்டு. படத்தில் பொது நூலகக் கட்டடம் முழுமையாக நின்றால் 1959 ஒக்டோபர் திறப்பை ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம். வீட்டுச் சின்னம் என்றால் தமிழரசு, உதயசூரியன் என்றால் கூட்டணி, அதாவது எழுபதுகளோ அதற்குப் பிறகோ. ஆனால் வீட்டுச் சின்னத்தை மட்டும் நம்பக்கூடாது. 2004 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மறுபடி வீட்டில்தான் நின்றது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது 1959இல், அதற்குப் பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் 1960 மார்ச். மீசை முளைக்காத பொடியன்கள் வாக்குச்சாவடி வரிசையில் நின்றால் அதையும் கவனிக்கலாம்.

---

ரொறன்ரோ வாசகி எழுதியது:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் 1977 தேர்தல் கூட்டப் படங்கள் இருந்தன. என் பெரியண்ணா முன்வரிசையில் நிற்பார், தலைவரின் நெற்றியில் இரத்தத் திலகம் வைக்க விரலைக் கீறிய பொடியன்களில் ஒருவர். அந்தத் தேர்தலில் கூட்டணி 18 இடங்களை வென்று அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார், ஊர் முழுக்க வெடி கொளுத்தினார்கள். பத்து வருடத்துக்குள் அதே படம் வீட்டில் இருப்பதே ஆபத்தானது. சுற்றிவளைப்பு வருகிறது என்றால் அம்மா முதலில் ஒளிப்பது அல்பத்தை. இந்தத் தரப்புக்கு மட்டும் பயந்தோம் என்று இல்லை. படத்தில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதை வைத்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வரலாம். கடைசியில் ஒரு நாள் அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். அண்ணாவின் வேறு படம் எங்களிடம் இல்லை.

ஆகவே யாராவது எங்கள் ஊர்க் கூட்டப் படம் வைத்திருந்தால் எனக்கு அது உயிர். அதே நேரம் அந்தப் படத்தில் நிற்கும் மற்றப் பொடியன்களின் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. பெயரோடு இணையத்தில் போட்டால் அவர்களுக்கு என்ன வரும் என்று யோசித்தீர்களா? இன்று அமைதி என்பதால் நாளைக்கும் அப்படி என்று என்னால் நம்ப முடியவில்லை.

---

கரவெட்டி ரீச்சர் எழுதியது:

பிள்ளை, நீர் எழுதியதை வாசித்து மனம் கனத்துப் போச்சு. எந்த ஊர், எந்தத் தொகுதி என்று தனிமடலில் எனக்கு எழுதும். வடமராட்சி என்றால் நானே வீடு வீடாகக் கேட்கிறேன், மற்ற இடம் என்றாலும் ஆள் பிடிக்கலாம்.

நீர் சொன்ன பயத்துக்கு வழி இருக்க வேண்டும். சேர்ப்பது வேறு, காட்டுவது வேறு. பெயர் எல்லாவற்றையும் எழுதி வைப்போம், ஆனால் பூட்டி வைப்போம். பொதுவில் போடுவது தலைவர்களும் வேட்பாளர்களும் மட்டும் பெயரோடு. மற்றவர்களின் பெயர் அவர்களோ பிள்ளைகளோ சம்மதித்தால் மட்டும். என் எண்ணத்தில் 1972க்கு முந்திய படங்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. அதற்குப் பிந்தியவற்றில் இளைஞர்களின் முகம் இருந்தால் குடும்பத்தைக் கேட்காமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது.

---

திருமலை உறவு எழுதியது:

யாழ்ப்பாணத்தார் எல்லோரும் யாழ்ப்பாணத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். கட்சியின் முதல் மாநாடு 1951இல் நடந்தது திருகோணமலையில். 1952 தேர்தலில் செல்வநாயகம் காங்கேசன்துறையில் நடேசனிடம் தோற்றார். அன்று கட்சியைப் பாராளுமன்றத்தில் உயிரோடு வைத்தவர்கள் இரண்டே பேர், கோப்பாய் வன்னியசிங்கமும் எங்கள் இராஜவரோதயமும். 1956இல் கல்முனையில் காரியப்பரும் பொத்துவிலில் முஸ்தபாவும் தமிழரசு வேட்பாளர்களாக வென்றார்கள். பிறகு அவர்கள் கட்சி மாறியது உண்மை. ஆனாலும் அந்தத் தேர்தல் கூட்டங்களில் முஸ்லிம் ஊர்களில் தமிழரசு மேடை இருந்தது. அந்தப் படங்கள் கிடைத்தால் கட்சி தன்னைப் பற்றிச் சொல்லும் கதையே விரியும். யாழ்ப்பாண அறை ஒன்றுக்குள் இதை முடக்கினால் பாதி வரலாறு வெளியே நிற்கும்.

---

கிளைச் செயலாளர் எழுதியது:

1952 தோல்வியைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஆண்டு வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் முதல் தடவை நின்று தோற்றார். தோற்ற தேர்தலில் வேலை செய்தவர்கள்தான் 1956இல் 10 இடம் கிடைக்கக் காரணமானவர்கள் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்துப் படம் எங்கள் கிளையில் ஒன்றும் இல்லை. காங்கிரஸ்காரர் வீட்டிலோ யூ.என்.பி.க்கு நின்றவர் வீட்டிலோ இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்பதும் சரிதான்.

என் நிபந்தனை இவ்வளவுதான். கட்சி வைத்திருக்கும் மூலப்படங்கள் கட்சியிடம் இருக்கும். பிரதி எடுக்க விடுவோம். படத்தின் கீழ் எந்தக் கிளை தந்தது என்று இருக்க வேண்டும். இறந்தவர்களைக் கேலி செய்யும் பின்னூட்டங்களுக்கு இடம் கொடுக்கும் தளத்தில் போடக்கூடாது.

---

சைக்கிள் சின்னம் எழுதியது:

அப்படி என்றால் எங்கள் வீட்டு அல்பம் இரண்டையும் தருகிறேன். வெட்டிய படமும் வரும், அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

---

வலிகாமத்தான் எழுதியது:

நன்றி. இப்போது இடம் பற்றி என் முடிவு. 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளத்தில் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வைக்க வசதி உண்டு, கட்சி சார்பும் இல்லை. அவர்களோடு கதைப்போம். இரண்டாவது பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்கு. மூன்றாவது திருகோணமலையில் ஒரு வட்டில் இருக்கட்டும், திருமலை உறவு பொறுப்பெடுப்பாரா? பூட்டி வைக்கும் பெயர்ப் பட்டியலைக் கரவெட்டி ரீச்சர் வைத்திருந்தால் எல்லோரும் நம்புவார்கள்.

சின்னக்கடை நேற்று பழைய கச்சேரிக்குப் போய் வாசல் தூணைப் படமெடுத்து அனுப்பினார், பொருந்துகிறது. அந்தப் படத்துக்கு நான் எழுதிய குறிப்பு கீழே. பிழை இருந்தால் திருத்துங்கள், இதையே மற்றவற்றுக்கும் மாதிரியாக வைக்கலாம்.

"யாழ்ப்பாணக் கச்சேரி வாசல். 1961 பெப்ரவரி 20க்கும் அவசரகாலச் சட்டம் வந்த ஏப்ரல் 17க்கும் இடையில் எடுத்தது. காரணம்: கச்சேரி வாசல் தூண், இ.போ.ச. பஸ், சிங்கள ஸ்ரீ எண்தகடு. படத்தில் மையால் எழுதியிருப்பது: 1956 சத்தியாக்கிரகம், யாழ்ப்பாணம். இடது வரிசையில் இருக்கும் பெண்களில் மூவரின் பெயர் தெரியும், குடும்பத்தாரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது. படம் எடுத்தவர்: ஸ்ரூடியோ முத்திரை இல்லை. தந்தவர்: சின்னக்கடைக் குடும்பம் ஒன்று. மூலப்படம் அவர்களிடமே உள்ளது."

---

கரவெட்டி ரீச்சர் எழுதியது:

பெண்களில் நாலாவது ஆளை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. பெரிதாக ஸ்கான் செய்து தனிமடலில் அனுப்பும் தம்பி. அவவின் தங்கச்சி இன்னும் இருக்கிறா.